கேமரா பேட்டரி கிரிப் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

கேமராவின் அடியில் மாட்டி, கூடுதல் பேட்டரிக்கு இடமும் பெரும்பாலும் குத்துவாக்கில் படம் எடுக்க இன்னொரு ஷட்டர் பட்டனும் தருவதுதான் பேட்டரி கிரிப். முகூர்த்த மாதங்களில் என் மேசைக்கு வரும் கிரிப்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகின்றன: "அண்ணே, டூப்ளிகேட் கிரிப் வாங்கினது தப்பா? கம்பெனி கிரிப்பே வாங்கிடட்டுமா?" கேமரா கம்பெனியே செய்தது கம்பெனி கிரிப்; வெளிக் கம்பெனி செய்ததைத்தான் டூப்ளிகேட் என்கிறார்கள். கோளாறு எங்கே என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. டூப்ளிகேட் என்று பழி சுமக்கும் கிரிப்களில் பலவற்றுக்கு அழுக்கைத் துடைத்து, திருகை இறுக்கினாலே போதும். என்ன செய்தாலும் சரியாகாத சில கோளாறுகளும் உண்டு. அவற்றுக்குத்தான் கம்பெனி கிரிப் வாங்க வேண்டும்.

ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன், செலவு வைப்பதைக் கடைசியில். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

கிரிப்பைக் கழற்றுங்கள். கம்பெனி பேட்டரி ஒன்றை முழுக்கச் சார்ஜ் செய்து நேராகக் கேமராவின் பாடியில் போடுங்கள். அரை மணி நேரம் சாதாரணமாகப் படம் எடுங்கள்.

அப்போதும் அதே கோளாறு வந்தால் பிரச்சினை பாடியில். கிரிப்பைத் தொட வேண்டாம், சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

கோளாறு வரவில்லை என்றால் கிரிப்பை மாட்டி, ஒரே ஒரு பேட்டரியை டிரேயின் (பேட்டரி வைத்துக் கிரிப்புக்குள் தள்ளும் தட்டு) இடப்பக்கக் குழியில் மட்டும் போட்டுப் பாருங்கள். அப்புறம் அதே பேட்டரியை வலப்பக்கத்தில். ஒரு பக்கம் மட்டும் மக்கர் செய்தால் டிரேயின் அந்தப் பக்கத்துக் கான்டாக்ட் தகடுதான் (பேட்டரி முனை வந்து தொடும் உலோகத் தகடு) காரணம். இரண்டு பக்கமும் நன்றாக ஓடினால் உங்கள் இன்னொரு பேட்டரியைச் சந்தேகியுங்கள். இந்த இடத்திலேயே பலருக்கு விடை கிடைத்துவிடும்.

பெரும்பாலான நிக்கான் டிஎஸ்எல்ஆர்களில் (உள்ளே கண்ணாடி வைத்த கேமராக்கள்) பாடிக்குள் ஒரு பேட்டரி இருக்கும், கிரிப்பில் இன்னொன்று. அதனால் பாடிக்குள் இருப்பதை எடுத்துவிட்டு, கிரிப் பேட்டரியை மட்டும் வைத்துச் சோதியுங்கள். இல்லையென்றால் கிரிப் செத்துக் கிடந்தாலும் கேமரா ஓடிக்கொண்டே இருக்கும், உங்களுக்குத் தெரியாது.

அறிகுறி 1: கிரிப் மாட்டினால் கேமரா ஆன் ஆகவே இல்லை

*டிரே முழுதாக உள்ளே போயிருக்கிறதா?* வெளியே இழுத்து மறுபடி தள்ளி, பூட்டும் குமிழைக் கடைசிவரை திருப்புங்கள். புதிய கிரிப்பில் ரப்பர் இறுக்கமாக இருப்பதால் டிரே ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றுவிடும். பார்த்தால் மூடியதுபோலவே இருக்கும்.

*மாடல் சரிதானா?* பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் பொருந்தாது. கேனான் பிஜி-இ14 கிரிப் 70டி, 80டி, 90டி மூன்றுக்கும் சேரும். 60டிக்கு பிஜி-இ9 வேண்டும். 5டி மார்க் 3-க்கு பிஜி-இ11, மார்க் 4-க்கு பிஜி-இ20. நிக்கானில் எம்பி-டி15 என்பது டி7100, டி7200-க்கு; டி750-க்கு எம்பி-டி16. டூப்ளிகேட் கிரிப்கள் இதே எண்களை ஒட்டியே பெயர் வைத்துக்கொள்வதால் பெட்டியில் இருக்கும் எண்ணைப் படித்தாலே தெரிந்துவிடும்.

*அடியில் இருக்கும் ரப்பர் மூடியை எடுத்தீர்களா?* நிக்கானில் பாடியின் அடிப்பக்கக் கான்டாக்ட்டை ஒரு சின்ன ரப்பர் மூடி மறைத்திருக்கும். அதை எடுத்து, கிரிப்பிலேயே அதற்கென்று இருக்கும் பள்ளத்தில் வைத்துவிட வேண்டும்.

*கேனான் பாடி என்றால் மூடி சுவிட்சைப் பாருங்கள்.* பேட்டரி மூடி திறந்திருந்தால் கேமரா ஓடாதபடி மூடி உட்காரும் ஓரத்தில் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கிறது. கிரிப் மாட்டும்போது மூடியைக் கழற்றிவிடுகிறோம் அல்லவா? அப்போது அந்தச் சுவிட்சை அழுத்தும் வேலையைக் கிரிப்பில் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் முனை செய்கிறது. டூப்ளிகேட் கிரிப்பில் இந்த முனை கொஞ்சம் குட்டையாக வார்க்கப்பட்டிருந்தாலோ தேய்ந்திருந்தாலோ சுவிட்ச் பாதி அழுந்திய நிலையில் நிற்கும். கிரிப்பைக் கையால் பாடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்தால் ஆன் ஆகிறது, விட்டால் அணைகிறது என்றால் இதுதான். அந்த முனையின் மேல் மெல்லிய டேப் ஒரு சுற்று ஒட்டிப் பாருங்கள். அதில் சரியானால் கண்டுபிடிப்பு சரி. ஆனால் டேப்பை நம்பி ஒரு கல்யாணத்துக்குப் போகாதீர்கள். கிரிப்பை மாற்ற வேண்டியதுதான்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் உயிர் வரவில்லை என்றால் உள்ளே இருக்கும் போர்டு போயிருக்கும். டூப்ளிகேட் கிரிப்பில் போர்டு வேலை பார்ப்பது வீண், கூலியே புது கிரிப் விலையைத் தொட்டுவிடும். கம்பெனி கிரிப் என்றால் பழுது பார்க்கலாம்.

அறிகுறி 2: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அணைகிறது

அதிகம் வருவதும் அதிகம் வேதனை தருவதும் இதுதான். தாலி கட்டும் நேரத்தில் கேமரா அணைந்தால் அந்த நொடி திரும்பி வராது. அதனால் இந்த அறிகுறியை ஒருமுறை பார்த்தாலே உட்கார்ந்து தீர்த்துவிடுங்கள். "தட்டினால் சரியாகிறது" என்று ஓட்டாதீர்கள்.

*எப்போது அணைகிறது என்று கவனியுங்கள்.* கேமராவைத் திருப்பும்போதோ தூக்கும்போதோ அணைந்தால் இணைப்பு தளர்ந்திருக்கிறது. ஆடாமல் வைத்திருக்கும்போது, தொடர்ந்து படம் எடுக்கையில் அணைந்தால் பேட்டரி பலவீனம்.

*திருப்பும்போது அணைகிறது:* அடியில் இருக்கும் திருகுச் சக்கரத்தை இறுக்குங்கள். விரலால் இறுக்கி, அப்புறம் நாணயத்தால் லேசாக ஒரு சிட்டிகை. பிளையர் கூடாது. ட்ரைபாட் திருகு போகும் அந்தத் துளை பாடியின் அடியில் பதித்த உலோகக் குழல். அளவுக்கு மீறி முறுக்கினால் குழலே ஆட ஆரம்பிக்கும், அப்புறம் அது பாடி வேலை.

இறுக்கியது ஒரே நாளில் மறுபடி தளர்கிறது என்றால் எப்படி மாட்டித் தூக்குகிறீர்கள் என்று பாருங்கள். 70-200 எஃப் 2.8 லென்ஸ் மட்டுமே ஒன்றரைக் கிலோ. தோள் பட்டையைக் கிரிப்பின் அடித்துளையில் மாட்டித் தொங்கவிட்டால் பாடி, லென்ஸ், ஃபிளாஷ் எல்லாவற்றின் எடையும் அந்த ஒற்றைத் திருகில்தான் நிற்கிறது. நடக்க நடக்க அது கழலும். லென்ஸில் இருக்கும் காலர் துளையில் பட்டையை மாட்டுங்கள். இல்லையென்றால் பாடியின் மேல் காதுகளில்.

*இறுக்கியும் அணைகிறது:* இப்போது கான்டாக்ட்டைப் பாருங்கள். டிரேயை வெளியே எடுத்து, மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். பேட்டரி வந்து தொடும் தகடுகள் நல்ல கிரிப்பில் மஞ்சளாகப் பளபளக்கும். கல்யாண வேலைக்குப் போகும் கிரிப்பில் அந்தத் தகட்டின் ஓரம் மங்கி, சில நேரம் பச்சையாக ஒரு துளிப் படிவு இருக்கும். வியர்வை உப்பும் ஓமப்புகைப் பிசுக்கும் சேர்ந்து செம்பைத் தின்ற அடையாளம் அது. முலாம் மெலிதாக இருக்கும் டூப்ளிகேட் டிரேக்களில் இது சீக்கிரம் வரும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஈரம் தெரியும் அளவுக்கு மட்டும் தொட்டு, தகட்டைத் துடையுங்கள். சொட்டக் கூடாது. கிரிப்பிலிருந்து பாடியின் பேட்டரி அறைக்குள் போகும் தூண் இருந்தால் அதன் நுனியையும் அப்படியே. பிடிவாதமான கறைக்கு வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்க்கலாம், தூளை ஊதிவிட வேண்டும். உப்புத்தாள் வேண்டாம். முலாம் போனால் அந்த இடம் இன்னும் வேகமாகக் கறுக்கும்.

துடைக்கும்போதே தகட்டை விரல் நுனியால் லேசாக அழுத்திப் பாருங்கள். அழுத்தினால் உள்ளே போய் உடனே திரும்பி வர வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் வில் தன்மை போய்விட்டது. டிரே மட்டும் தனியாக வாங்க முடிந்தால் அதை மாற்றினால் போதும்.

*தொடர்ந்து எடுக்கையில் அணைகிறது:* கேனான் கிரிப்பில் இரண்டு பேட்டரியும் சமமாக இருப்பது நல்லது. ஒன்று புதிது, ஒன்று மூன்று வருடப் பழசு என்று கலந்து போட்டால் தொல்லை வரும். மல்டிமீட்டர் இருந்தால் எளிது: எல்பி-இ6 வகைப் பேட்டரி முழுச் சார்ஜில் 8.4 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். சார்ஜரிலிருந்து எடுத்து ஓர் இரவு சும்மா வைத்தபின் ஒன்று மட்டும் நன்றாக இறங்கியிருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். மெனுவில் பேட்டரி விவரம் காட்டும் கேனான் மாடல்களில் 'ரீசார்ஜ் பெர்ஃபாமன்ஸ்' என்று மூன்று கட்டம் வரும். சிவப்பு ஒரு கட்டம் மட்டும் இருந்தால் அந்தப் பேட்டரிக்கு ஓய்வு கொடுக்கும் நேரம் வந்துவிட்டது.

*ஏஏ பேட்டரி போட்டு ஓட்டினால் அணைகிறது:* எல்லாச் செல்லும் ஒரே வகை, ஒரே வயது, ஒரே நாளில் சார்ஜ் செய்ததாக இருக்க வேண்டும். 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் ஆறு சேர்ந்தால் 7.2 வோல்ட், அது கேமராவுக்குப் போதும். கடிகாரத்துக்குப் போடும் சாதாரண செல் தாங்காது. நிக்கானில் மெனுவுக்குள் போய் எந்த வகை ஏஏ என்று சொல்லவும் வேண்டும், இல்லையென்றால் பேட்டரி அளவைத் தப்பாகக் காட்டும்.

இவ்வளவும் செய்தபின் இன்னும் அணைந்தால், அந்தக் கிரிப் டூப்ளிகேட் என்றால் வேலைக்குக் கொண்டுபோகாதீர்கள். வார்ப்பிலேயே இடைவெளி இருக்கிறது, அதைச் சரிசெய்ய வழியில்லை.

அறிகுறி 3: குத்துவாக்கில் பிடித்தால் ஷட்டர் பட்டன் வேலை செய்யவில்லை

*கிரிப்பில் இருக்கும் சுவிட்ச் ஆனில் இருக்கிறதா?* கேனான் கிரிப்பில் தனி ஆன்/ஆஃப் நெம்புகோல் உண்டு. நிக்கானில் பட்டனைச் சுற்றி ஒரு பூட்டு வளையம். இவை ஆஃபில் இருப்பதுதான் முதல் காரணம், இரண்டாவது காரணம், மூன்றாவது காரணமும்.

*உங்கள் கேமராவுக்குக் கம்பெனி கிரிப் என்று ஒன்று உண்டா?* கேனான் 1300டி, 200டி, நிக்கான் டி3000, டி5000 வரிசை, டி7500 ஆகியவற்றுக்குக் கம்பெனியே கிரிப் போடவில்லை. அடியில் அதற்கான கான்டாக்ட்டும் கிடையாது. இவற்றுக்கு விற்கும் கிரிப் எல்லாம் வெளிக் கம்பெனி செய்ததுதான். அதில் குத்துவாக்குப் பட்டன் வேலை செய்ய, கிரிப்பிலிருந்து ஒரு சின்ன கேபிள் வந்து பாடியின் ரிமோட் துளையில் செருக வேண்டும். அந்தக் கேபிளைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு "பட்டன் வேலை செய்யல" என்று வருபவர்கள் நிறைய.

கேபிள் செருகியும் வேலை செய்யவில்லை என்றால் அதை மெதுவாக ஆட்டிப் பாருங்கள், உள்ளே அறுந்திருக்கலாம். கேபிள் மலிவு. நிக்கான் டி3400, டி3500-இல் அந்த ரிமோட் துளையே கிடையாது. ஆகவே கேபிள் வகைக் கிரிப்பில் பேட்டரி ஓடும், பட்டன் ஓடாது. கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்கும் முன் உங்கள் பாடியில் துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

கேபிள் வழியாக ஷட்டர் மட்டும்தான் வரும். கிரிப்பில் டயல் இருந்தாலும் அது லென்ஸ் துளையின் அளவை (அப்பர்ச்சர்) மாற்றாது, ஷட்டர் வேகம் மாற்றாது. அது கோளாறு இல்லை, அவ்வளவுதான் அதன் வசதி.

*ஒரிஜினல் என்பதாலேயே பட்டன் இருக்கும் என்றும் இல்லை.* நிக்கான் இசட்6, இசட்7-க்கு வந்த எம்பி-என்10 கம்பெனி கிரிப்தான், ஆனால் அதில் ஷட்டர் பட்டனே கிடையாது, இரண்டு பேட்டரிக்கு இடம் மட்டும். அடுத்த தலைமுறை இசட்6 2, இசட்7 2-க்கு வந்த எம்பி-என்11-இல்தான் பட்டன் வந்தது. கேனான் ஆர்பி-க்கான இஜி-இ1-இல் பேட்டரிகூட இல்லை, சுண்டுவிரல் வைக்க இடம் மட்டும்.

*பட்டன் எடுக்கிறது, ஆனால் பாதி அழுத்தம் பிடிபடவில்லை:* ஃபோகஸ் ஆகும் முன்பே படம் எடுத்துவிடுகிறது என்றால் டூப்ளிகேட் பட்டனின் இரண்டு படிகளுக்கும் இடையில் தூரம் போதவில்லை. துடைத்து இது சரியாகாது. பின்பக்கப் பட்டனில் ஃபோகஸ் வைத்துப் பழகியவர்களுக்குத் தொல்லை இல்லை, ஆனால் கிரிப்பில் ஃபோகஸுக்கென்று தனியாக ஏஎஃப்-ஆன் பட்டன் இருக்க வேண்டும். அந்தப் பழக்கமோ பட்டனோ இல்லாதவர்களுக்கு ஓடும் குழந்தை, ஊர்வலம் எல்லாம் மங்கலாகத்தான் வரும். கம்பெனி கிரிப்புக்கு மாறத் தகுந்த காரணம் இது.

*பையில் இருக்கும்போது தானாகப் படம் எடுக்கிறது:* பையின் ஓரம் அந்தப் பட்டனை அழுத்துகிறது. வேலை முடிந்ததும் கிரிப் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். பையில் இல்லாதபோதும் எடுத்தால் பட்டன் உள்ளே ஒட்டியிருக்கிறது. மழையில் நனைந்த கிரிப்பில் இது வரும், டெக்னீஷியனிடம் கொடுங்கள்.

அறிகுறி 4: பேட்டரியை ஏற்க மறுக்கிறது, அல்லது சதவீதம் காட்டவில்லை

'பேட்டரியுடன் தொடர்பு சரியில்லை' என்ற செய்தி வந்தால் முதலில் கான்டாக்ட்டைத் துடையுங்கள். பேட்டரியில் கூட்டல், கழித்தல் முனைகளுக்கு நடுவில் இருப்பவைதான் தகவல் பேசும் முனைகள். அவற்றில் கறை இருந்தால் மின்சாரம் போகும், தகவல் போகாது.

துடைத்தும் வந்தால் கம்பெனி பேட்டரியைப் போடுங்கள். செய்தி நின்றுவிட்டதா? அப்படியானால் குறை வெளிக் கம்பெனி பேட்டரியின் சிப்பில், கிரிப்பில் இல்லை. கேமராவின் ஃபர்ம்வேரை (உள்ளே ஓடும் மென்பொருள்) புதுப்பித்த மறுநாள் இது தொடங்கினாலும் சந்தேகம் அங்கேதான். கம்பெனி பேட்டரியும் கிரிப்பில் மட்டும் மறுக்கப்பட்டால் கிரிப்பின் தகவல் இணைப்பு சரியில்லை.

நிக்கானில் "கிரிப் பேட்டரி அப்படியே இருக்கிறது, பாடி பேட்டரிதான் தீர்கிறது" என்று கேட்பார்கள். மெனுவின் 'டி' பிரிவில் பேட்டரி வரிசை என்று ஒன்று உண்டு. எதை முதலில் தீர்க்க வேண்டும் என்று அங்கே சொல்லலாம். கிரிப்பிலிருந்து மின்சாரம் வரும்போது மேல் திரையில் 'பிபி' என்ற எழுத்து தெரியும். வரிசையைச் சரியாக வைத்தும் அது தெரியவில்லை என்றால் கான்டாக்ட்டுக்குத் திரும்புங்கள்.

அறிகுறி 5: ராத்திரி முழுச் சார்ஜ், காலையில் பாதி

கிரிப்பைத் திட்டுவதற்கு முன் பாடியைக் கேளுங்கள். கேனான் 6டியில் ஜிபிஎஸ் ஆனில் இருந்தால் கேமராவை அணைத்தபிறகும் அது ஓடிக்கொண்டிருக்கும். 7டி மார்க் 2-இல் ஜிபிஎஸ் மோட் 1 அப்படித்தான், மோட் 2-க்கு மாற்றினால் அணையும்போது நின்றுவிடும். நிக்கான் டி500, டி850, டி7500-இல் ஸ்னாப்பிரிட்ஜ் (மொபைலுக்குப் படம் அனுப்பும் வசதி) 'அணைந்திருக்கும்போதும் அனுப்பு' என்று இருந்தால் அதை நிறுத்துங்கள்.

அடுத்து: ஒரே பேட்டரியை ஓர் இரவு கிரிப்போடும் மறு இரவு கிரிப் இல்லாமல் நேராக பாடியிலும் விட்டு, இரண்டு காலையிலும் சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கிரிப்போடு மட்டும் இறங்கினால் உள்ளே கசிவு. மலிவுக் கிரிப்களில் இது உண்டு, பழுது பார்க்கப் பயனில்லை. கேமராவை வைக்கும்போது டிரேயை வெளியே இழுத்து வைக்கும் பழக்கம் இருந்தால் அந்தக் கிரிப்பையே தொடர்ந்து ஓட்டலாம்.

அறிகுறி 6: கிரிப் வாங்கியும் வேகம் கூடவில்லை

நொடிக்கு எத்தனை படம் என்ற வேகம் பெரும்பாலான கேமராவில் கூடுவதில்லை. கூடும் சிலவற்றிலும் உள்ளே போகும் பேட்டரிதான் காரணம். நிக்கான் டி850-இல் எம்பி-டி18 மாட்டி, என்-இஎல்18 வகைப் பெரிய பேட்டரி போட்டால்தான் நொடிக்கு 7 படம் என்பது 9 ஆகும். அதற்கு பிஎல்-5 என்ற மூடி தனியாக வாங்க வேண்டும். ஃபுஜி எக்ஸ்-டி2-இல் கிரிப்பின் பூஸ்ட் சுவிட்சைத் தள்ளினால் 8 என்பது 11 ஆகும். கேனான் ஆர்5-இல் எல்பி-இ6என்எச் தவிர்த்த பழைய பேட்டரி போட்டால் மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 12 படம் கிடைக்காது, கிரிப் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி.

அறிகுறி 7: சூடு, உப்பல், கருகல் வாசனை

சோதனை எதுவும் வேண்டாம். கேமராவை அணைத்து டிரேயை வெளியே எடுங்கள்.

பேட்டரி உப்பி டிரேயில் மாட்டிக்கொண்டால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். லித்தியம் பேட்டரியைக் குத்தினால் தீப்பிடிக்கும். டிரேயோடு அப்படியே, எரியக்கூடிய எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, டெக்னீஷியனிடம் கொண்டுபோங்கள். பாடிக்குள் பேட்டரி அறையின் அடியில் இருக்கும் முட்கள் வளைந்தோ கருகியோ இருந்தாலும், கடல் நீர் பட்டிருந்தாலும், ட்ரைபாட் துளைக் குழல் சுழன்றாலும் நேரே சர்வீஸ் சென்டர்.

சரி, எதை வாங்குவது?

கம்பெனி கிரிப்பே இல்லாத பாடி என்றால் யோசிக்க ஒன்றும் இல்லை, வெளிக் கம்பெனிதான். கேபிளை மட்டும் உதிரியாக இன்னொன்று வாங்கி வையுங்கள்.

வீட்டு விசேஷம், பொழுதுபோக்கு என்றால் டூப்ளிகேட் போதும். அறிகுறி 1, 2-இல் சொன்ன சோதனைகளைக் கடையிலேயே செய்து பார்த்து எடுங்கள். கேமராவை ஆனில் வைத்து, கிரிப்பைப் பிடித்து நான்கு பக்கமும் முறுக்கிப் பாருங்கள், அணையக் கூடாது.

கேமராவால் பிழைப்பவர் என்றால், அதிலும் மழையிலும் கடற்கரையிலும் எடுப்பவர் என்றால், புது டூப்ளிகேட்டுக்குப் பதில் பழைய ஒரிஜினலை வாங்குங்கள் என்றே சொல்வேன். டிஎஸ்எல்ஆர் விட்டு, கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்குப் போகிறவர்கள் கிரிப்பை விற்றுக்கொண்டிருக்கிறார்கள். நிக்கானின் எம்பி-டி12 போன்றவை மக்னீசியம் உடல். சந்திக்கும் விளிம்பில் ரப்பர் வளையம் இருக்கும், அதை விரலால் தடவிப் பார்க்கலாம். வாங்கப் போகும்போது உங்கள் பாடியையும் இரண்டு பேட்டரியையும் கையோடு கொண்டுபோங்கள். லித்தியம் டிரே, ஏஏ டிரே இரண்டும் இருக்கின்றனவா, ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, தகடு மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். ஏஏ டிரே தொலைந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், கொடுப்பார்கள்.